வாசிங்க அண்ணாச்சி என்றேன்

கடைக்குப் புதுசாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஆச்சி, மத்த கடையில எல்லாம் கம்ப்யூட்டரைக் கவுண்டரைப் பாத்து வச்சிருக்கான். நம்ம கடையில மட்டும் ஏன் செவத்தைப் பாத்து இருக்கு?" வெயில் அடிக்குது, கண்ணு கூசுது என்று சொல்லி வைத்திருந்தேன். "சாரல் அடிக்கிற மாசத்துல ஏது ஆச்சி வெயிலு?" என்று ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரி. அவளுக்குப் பதில் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் நானே எழுந்து வந்துவிட்டேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். டீ வாங்கப் போனவளுக்கு வைத்திருந்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். என் கையால்தான் எழுதுகிறேன். நாலு வரி எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷன் போன பிறகு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரேடியோ கடைக்கு டிரான்ஸ்பார்மரில் கம்பி சுற்றிக் கொடுக்கப் போனேன். பீடி சுற்றின விரலுக்குக் கம்பி ஒரு பாரமா? கடைக்கார அண்ணாச்சி ரெண்டு நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் சால்டரிங் அயனை எடுத்துக் கொடுத்தார். ரேடியோ போய் டிவி வந்தது, டிவி போய் செல்போன் வந்தது. கடை அதேதான், போர்டுதான் மாறியது. மைக்ரோஸ்கோப்பை வைத்துத் தலைமுடி கனம் கம்பியை இழுத்து ஒட்டுவதில் தென்காசி வட்டாரத்தில் என்னைப் போல ஆள் இல்லை என்று அண்ணாச்சி சொல்லுவார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

எழுத்துதான் அப்போது வராது, வேலையை விட்ட பிறகுதான் பழகினேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன், அதிலும் பாதி நாள் பீடி இலை வெட்டப் போய்விட்டேன். தமிழ் என்றால் எழுத்தெழுத்தாகக் கூட்டுவேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அடுத்தவர் ஒரு பக்கம் முடித்துவிடுவார். இங்கிலீஷ் எனக்குப் படம் மாதிரி. எந்தப் படத்தைத் தொட்டால் திறக்கும், எதைத் தொட்டால் அழியும் என்று உருவத்தை வைத்துத் தெரியும். இந்தச் சங்கதி அண்ணாச்சி ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"தங்கச்சி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க. கடை ஒண்ணும் இடிஞ்சு விழுந்துராது" என்று ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று எனக்கு உறைத்தபோது அவர் இல்லை.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் நம் கடைக்கு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர். எண்ணெய்க் கையில் போன் நிற்குமா? ஒரு கூட்டம் நனைந்த போனை அரிசிக்குள் புதைத்துக் கொண்டு வரும். அரிசியைத் தட்டிவிட்டுத்தான் திறக்கணும். இன்னொரு கூட்டம் பாறையில் போட்டு ஸ்கிரீனை நொறுக்கிக்கொண்டு வரும். "ஆச்சி, போன் செத்துப் போச்சு" என்பார்கள். சாகாது. ஸ்கிரீன் கறுத்துப் போனாலும் உள்ளே உயிர் இருக்கும். மணி அடிக்கும், அதிரும். அந்தப் போன் முன்னாலேயே நம் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுத்திருந்தால் வயரைச் செருகினதும் உள்ளே இருக்கிறதெல்லாம் மானிட்டரில் வந்து நிற்கும். மவுஸை வைத்துத் தொடலாம். அனுமதி கொடுக்காத போன் என்றால் வேறு டிஸ்பிளேயை மாட்டித்தான் பார்க்கணும். அது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளங்கைக்குள் இருந்தது மானிட்டருக்குப் போனதும் தாம்பாளம் அகலத்துக்கு விரிந்து நிற்கும். ஒரு ஆள் குனிந்து பார்க்க வேண்டியதை, தெருவில் போகிற ஆளும் நிமிர்ந்து பார்க்கலாம்.

மானிட்டரை முதலில் கவுண்டர் பக்கம் திருப்பினவள் நான்தான். ஒரு சீசனில் வெளியூர்க்காரன் ஒருத்தன், அவன் வீட்டுப் படங்களை நான் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று கடைவாசலில் கூட்டத்தைக் கூட்டிவிட்டான். நான் ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தேன் என்று யார் பார்த்தார்கள்? அண்ணாச்சி வந்துதான் அவனை அனுப்பினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மானிட்டரைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன். மானிட்டரில் என்ன வந்தாலும் வந்தவர்கள் அதைச் சத்தமாக வாசிக்கணும். வாசித்த பிறகுதான் நான் அடுத்ததைத் தொடுவேன்.

அந்தச் சட்டத்துக்கு ஊரில் நல்ல பேர். "ஆச்சி கடையில ஒளிவு மறைவு கிடையாதுய்யா, எல்லாம் நம்ம கண்ணு முன்னால, நம்ம வாயால" என்று கடையநல்லூரில் இருந்து கூட ஆள் வந்தது. நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது சொல்லுகிறேன். மானிட்டரைத் திருப்பினது நாணயத்துக்காக. வாசிக்கச் சொன்னது நாணயத்துக்காக இல்லை. எனக்கு வாசிக்க வராது என்பதற்காக. அவர்கள் வாயில் வருவதைக் காதில் வாங்கிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டுவேன். பல வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள். இலத்தூர்ப் பிள்ளை என்றே எழுதுகிறேன். பெயர் எனக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம். நர்சுக்குப் படித்தவள். வீரகேரளம்புதூரில் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் துபாயில் டிரைவர். இவள் மாமனார் மாமியாரோடு இருந்தாள்.

முதல் தடவை, சார்ஜ் ஏறவில்லை என்று தனியாகத்தான் வந்தாள். சீட்டில் பெயரும் போன் மாடலும் எழுதணும் அல்லவா? நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி கொண்டு வரலியா ஆச்சி? தாங்க, நானே எழுதுதேன்."

"ஆமா தாயி, வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்."

கண்ணாடி என் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சீட்டை வாங்கி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. சார்ஜர் செருகும் இடத்தை மாற்றி, கம்ப்யூட்டரில் செருகிச் சரிபார்த்து அனுப்பினேன். அப்போதுதான் அவள் போன் நம் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுத்தது.

நாலாம் நாள் மறுபடி வந்தாள். ஸ்கிரீன் கறுப்பு. முந்தின நாள் ஐந்தருவிக்குச் சொந்தக்காரர்களோடு போன இடத்தில், மைனி ஒருத்தி எண்ணெய்க் கையோடு படம் எடுக்கப் போய்ப் பாறையில் போட்டுவிட்டாளாம். இந்தத் தடவை மாமனாரும் கூட வந்திருந்தார். என் வயசு இருக்கும். வெளுத்த வேட்டி, கையில் குடை. மருமகள் நனையக் கூடாது என்று அவளுக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் ஒரு பக்கம் நனைந்து வந்திருந்தார். நல்ல மனுஷன். இதைக் கேட்டு முடிக்கும்போது அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள்.

"ஆச்சி, எம் மவன் டிக்கெட்டு இதுக்குள்ள கெடக்கு. மூணு வருசம் கழிச்சு வாரான். திருவனந்தபுரத்துல எத்தன மணிக்கு எறங்குதான்னு தெரிஞ்சா காருக்குச் சொல்லிருவேன்."

"அவர்ட்டயே கேட்டா ஆச்சே?"

"வண்டி ஓட்டுதான், பகல்ல எடுக்க மாட்டான். நான் ராத்திரி கேட்டுக்கிடுதேன்னுதான் சொன்னேன். இவதான் இன்னைக்கே தொறந்து பாத்தாகணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. புருசன் மெசேஜைப் பாக்காம சோறு எறங்கல போல."

அவள் சிரிக்கவில்லை. கவுண்டர் ஓரமாக வந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "ஆச்சி, நான் மட்டும் உள்ள வந்து பாத்துக்கிடட்டா?"

நான் என்ன செய்திருக்கணும்? அவள் குரல் எவ்வளவு தணிந்திருந்ததோ அந்த அளவுக்கு என் குரலையும் தணித்து, "என்ன விசயம் தாயி?" என்று கேட்டிருக்கணும். நான் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "உள்ள யாரையும் விடுறதில்ல தாயி. நம்ம கடையில ஒளிவு மறைவு கிடையாது. எல்லாம் இங்கனதான்."

"இப்படில்லா இருக்கணும் கடைன்னா!" என்றார் மாமனார்.

அவள் இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். "சிம்மைக் கழட்டிட்டுப் பாக்கலாமா ஆச்சி?"

"அது எதுக்கு? அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும்."

ரெண்டு தடவை கேட்டாள், பிள்ளைகளே. தொழில் தெரிந்தவள் நான். சிம் உள்ளே இருந்தால், சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்த அரை நாளில் போனை எட்டாமல் நின்ற மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் ஏன் கேட்கிறாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்லித்தருகிறாளே இந்தச் சின்னப் பிள்ளை என்றுதான் பட்டது.

அன்றைக்குக் கடையில் இன்னொருவரும் இருந்தார். வீரகேரளம்புதூர் உரக்கடைக்காரர், சார்ஜர் வாங்க வந்தவர். மாமனாரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, குடையும் கையுமா? மருமகளுக்கு பாடிகார்டா?"

"ஆமாலே. ஒனக்குக் காவலுக்கு யாரு இருக்கா? உன் உரத்தைத் திங்கிற புழுவே ஒன்னய மதிக்க மாட்டேங்குதாம்."

"அது புழு இல்ல பெரியவரே, நம்ம ஊர் வயக்காரன்!"

எல்லாரும் சிரித்தோம். நான் வயரைச் செருகினேன். அவள் கவுண்டர் மேல் இருந்த கீபோர்டில் போனைத் திறக்கிற நம்பரைத் தட்டினாள். தட்டும்போது விரல் ஒரு தடவை தப்பியது. ரெண்டாம் தடவை திறந்தது. உடைந்த போனுக்குள் இருந்ததெல்லாம் மானிட்டரில் வந்து நின்றது. மாமனார், "அடடா, டிவி மாதிரில்லா தெரியுது" என்றார்.

டிக்கெட்டைத் திறந்தாள். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சத்தமா தாயி" என்றேன். சட்டம் அல்லவா?

"நீ தள்ளு தாயி, நான் வாசிக்கேன்" என்று உரக்கடைக்காரர் முன்னால் வந்தார். அவருக்கு ஏலம் போடுகிற குரல். தேதி, மணி, எந்த விமானம், எல்லாம் வாசித்தார். மாமனார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே தலையாட்டினார். மகன் அப்போதே வந்து இறங்கிவிட்ட மாதிரி முகம்.

அந்த நேரம்தான் மானிட்டரின் மேல் பக்கம் ஒரு பட்டை இறங்கியது. தமிழ் எழுத்து. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சொல்லைக் கூட்டினேன். அப்பா. அவ்வளவுதான் எனக்கு ஓடியது. அது ஓடினதே எனக்குச் சந்தோஷம். நாலு பேர் பார்க்க நானே ஒன்றை வாசித்துவிட்டேன் அல்லவா?

"அப்பான்னு போட்டிருக்கு. பெரியவருக்குத்தான் மகன் ஏதோ சொல்லுதாரு. வாசிங்க அண்ணாச்சி" என்றேன், உரக்கடைக்காரரைப் பார்த்து.

அவள் கை வயரைப் பார்த்துப் போனது. நடுவில் கண்ணாடி கவுண்டர். எட்டவில்லை.

உரக்கடைக்காரர் வாசித்தார். "அப்பாட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் நேர்ல வந்து சொல்லிக்கிடுதேன். கொல்லம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வாரேன்னு இன்னைக்குள்ள பதில் போட்டுரு. இல்லன்னா இடம் போயிரும்."

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் முடித்துவிட்டார். முழுசாக வாசிக்கணும் என்று பழக்கி வைத்தது யார்?

பிறகு உரக்கடைக்காரர், "நல்ல விசயந்தானே பெரியவரே, வேலைக்குத்தானே..." என்று இழுத்தார்.

"நீ வாங்க வந்ததை வாங்கிட்டுப் போ" என்றார் மாமனார். கோபக் குரல் இல்லை. "எம் வீட்டு விசயத்தை ஒன் வாயில கேட்டுட்டேன். போதும்."

குடையை எடுத்தார். "ஆச்சி, போன் இங்கனயே இருக்கட்டும். வேற டிஸ்பிளே மாட்டி வைங்க. அவசரமில்ல." மருமகளைப் பார்த்து, "வா தாயி" என்றார். அவள் மானிட்டரை ஒரு தடவை பார்த்தாள். பதில் போட ஒரு நிமிஷம் போதும். மவுஸ் அவள் கைப்பக்கம்தான் இருந்தது. தொடவில்லை. போய்விட்டாள். வெளியே மழை. போகும்போதும் அவர் குடையை அவள் பக்கமே பிடித்துக்கொண்டு போனார்.

தவறு இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவசரத்தில் கை தப்புவது எல்லாருக்கும் உண்டு, நாலு நாளில் ஆறிப்போகும். எனக்கு ஆறாதது அடுத்து நடந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, புது டிஸ்பிளே மாட்டி நானே எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறினேன். யார் வீட்டுக்கும் நான் போனைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல் போனேன்.

மாமனார் நாற்காலி எடுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவராகவே பேச ஆரம்பித்தார்.

"மவன் அந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டப் பேசியிருக்கான். திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்காங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணியிருக்காங்க. கொல்லம் என்ன தூரம், ரயில் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிரலாம். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல ஆச்சி. வீட்டுல வச்சு எங்கிட்டச் சொல்லியிருந்தா போயிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன். ஊரான் வாசிச்சு நான் கேக்கும்படி ஆயிப் போச்சு. ரெண்டு நாளா வெளிய போனா, மருமக கொல்லத்துக்குப் போறாளாமேன்னு கேக்கான். அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

யோசித்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் கதவைச் சாத்திவிடவில்லை. அடுக்களை வாசலில் அவள் டம்ளரோடு நின்றாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "மறைக்காமச் சொல்லுங்க. அதை நீங்க முதல்லயே வாசிச்சிட்டிய. அப்பான்னு போட்டிருக்குன்னு நீங்கதான் சொன்னிய. வாசிச்சிட்டுத்தான் உரக்கடைக்காரனை வாசிக்கச் சொன்னிய. எனக்குத் தெரியணும்னுதானே அப்படிச் செஞ்சிய? மாமனாருக்குத் தெரியாமச் செய்யுதது தப்புன்னு ஒங்களுக்குப் பட்டுது. அதானே?"

பிள்ளைகளே, அந்த மனுஷன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா, அந்த ஒரு சொல்லுக்கு மேல ஓடலை, கண்ணு தெரியாதவ கல்லெறிஞ்ச மாதிரி எறிஞ்சுட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். தெரியாமல் நடந்தது என்று ஆகியிருக்கும். அவருக்கும் ஊரில் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். "அந்தக் கடைக்காரிக்கு எழுத்தே தெரியாதுலே" என்று சிரித்துவிட்டு, மருமகளை ரயில் ஏற்றியிருப்பார்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைப் படித்தவள் என்று ஒருத்தர் நம்புகிறார். இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றினது. வாய் தானாகச் சொல்லியது:

"எங்க கடை வழக்கம் அது. ஒளிச்சு வைக்கிறது நம்மகிட்ட கிடையாது."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்ப சரி. வெளியாள் ஒங்களுக்கே தப்புன்னு பட்டிருக்கு. பெத்தவன் எனக்குப் படாதா."

அவள் டம்ளரை என் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சத்தம் வராமல் வைத்தாள். மோர். நான் குடித்தேன். குடித்துவிட்டு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை போனது, கூடவே அந்த வேலையும். பிறகு மகன் வந்தான், சண்டை நடந்தது, லீவு முடிந்து திரும்பிப் போனான் என்று உரக்கடைக்காரர் சொன்னார். அவரும் நொந்துபோய்த்தான் சொன்னார். அதன் பிறகு அவர் என் கடையில் எதையும் வாசித்ததில்லை. "எனக்குக் கண்ணு சரியில்ல ஆச்சி" என்பார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது.

நான் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். போனுக்குரியவர் மட்டும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்காரலாம் என்றேன். வயரைச் செருகும் முன்னால் சிம்மைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றேன். சிம்மை ஏன் கழற்றணும் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. நல்ல வழக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அண்ணாச்சி மட்டும் ஒரு நாள் மானிட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுதான் அவர் கடைசியாகக் கடைக்கு வந்த நாள்.

ரெண்டு சீசன் போன பிறகு அவள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. கையில் மாமியார் போன். ஸ்கிரீன் கறுப்பு.

"எங்கன போட்டிய?"

"இவன்தான் ஆச்சி, கெணத்தடியில எறிஞ்சுட்டான். பேரன் படம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு, எடுத்துக் குடுன்னு மாமி அழுதாங்க."

மாமியார் போன் அதற்கு முன் ஒரு தடவை நம்மிடம் வந்திருந்தது, அனுமதி இருந்தது. சிம்மைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டேன். மானிட்டரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பினேன்.

"இப்ப எதுக்கு ஆச்சி திருப்புதிய?" என்றாள். "இப்ப எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லியே."

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்ன மாதிரிதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. என் கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"எனக்கு வாசிக்க வராது தாயி" என்றேன். என் ஆயுசில் அதை முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். "அன்னைக்கு அப்பாங்கிற ஒரு சொல்லுதான் ஓடுச்சு. மத்தது எனக்குத் தெரியாது."

"தெரியும் ஆச்சி" என்றாள். "நான் சீட்டு எழுதினேன்லா, அன்னைக்கே தெரியும்."

குழந்தையை ஒரு தொடையில் இருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினாள்.

"நீங்க வீட்டுக்கு வந்தப்ப, மாமாட்டச் சொல்லிருவியன்னு பாத்தேன். டம்ளரை வச்சுக்கிட்டு அதுக்குத்தான் நின்னேன். நானே அவர்ட்டச் சொல்லிருப்பேன், ஆச்சிக்கு எழுத்துத் தெரியாதுன்னு. ஒங்க முகத்தைப் பாத்தேன். சொல்ல மனசு வரல."

அவள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுடையதை நான் கடைத்தெருவில் விரித்துவிட்டேன்.

பேரன் படங்கள் மானிட்டரில் வந்தன. எதை எடுக்கணும், எதை விடணும் என்று போன் கேட்டது. நான் வாசிக்கச் சொல்லவில்லை. அவளாகவே என் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசித்துச் சொன்னாள். கவுண்டரில் நின்ற ரெண்டு பேருக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மடியில் இருந்த குழந்தை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்கு வேண்டியிருந்ததும் அந்த அளவு சத்தம்தான்.